நித்திரையில் பல் நெருமினால்: வாசகர் கேள்வி - பதில்

இரவில் பல் நெருமுவது பற்றியும் அதற்குப் போடும் கவசம் பற்றியும் வன்னியின் பல பக்கங்களிலிருந்தும் கேள்விகள் வந்திருந்தன. ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

காலையில் எழும்பும்போது இரண்டு தாடையும் இறுகிப்போய், வாய் திறக்கக் கொஞ்ச நேரம் எடுக்கிறது. இரவில் சத்தம் எதுவும் கேட்பதில்லை என்று மனைவி சொல்கிறார். பல் வைத்தியர் ‘நைட் காட்’ போடச் சொன்னார். கடையில் மெதுவான ரகம் இருக்கிறது. அளவெடுத்துச் செய்யும் கடினமான ரகமும் உண்டாம். எதை எடுப்பது?
- வாசகர், மாங்குளம்

எந்தக் கவசமும் நெருமுவதை நிறுத்தாது. இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால் பணம் வீணாகாது. தலைக்கவசம் போட்டவரும் விபத்தில் சிக்குவார், மண்டைதான் தப்பும். இதுவும் அப்படித்தான். இரவில் தாடை கொடுக்கும் பலத்தைப் பல்லுக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் வாங்கிக்கொள்கிறது.

சத்தம் இல்லையென்றால் நெருமுவதில்லை என்று நினைக்க வேண்டாம். பல்லைப் பக்கவாட்டில் அரைப்பவர்களிடம்தான் நறநறவென்ற சத்தம் வரும். சிலர் அரைப்பதில்லை, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்து அசையாமல் இறுக்கிக்கொண்டே கிடப்பார்கள். பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் நீங்கள் இறுக்குபவர் போலத்தான் தெரிகிறது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். காதுக்குக் கீழே, தாடை மூலைக்குச் சற்று முன்னால் இரண்டு விரலை வைத்துப் பல்லைக் கடியுங்கள். திரண்டெழும் தசை கல் மாதிரிக் கெட்டியாக, அழுத்தினால் நோவாக இருக்கிறதா? நாக்கின் ஓரத்தில் பல்லின் அச்சு வளைவு வளைவாகப் பதிந்திருக்கிறதா? கன்னத்தின் உட்புறத்தில், பற்கள் சந்திக்கும் மட்டத்தில் வெள்ளைக் கோடு ஒன்று ஓடுகிறதா? இவை இறுக்குவதன் அடையாளங்கள். அரைப்பவருக்கு வேட்டைப்பல்லின் கூர் மழுங்கி, முன்பற்களின் விளிம்பு வெட்டிவிட்டது போலத் தட்டையாகியிருக்கும்.

மெதுவான கவசம் இறப்பர் போன்ற ஒரு பிளாஸ்ரிக்கில், பெரும்பாலும் 2 அல்லது 3 மில்லிமீற்றர் தடிப்பில் செய்யப்படுகிறது. போட்ட முதல் இரவே பழகிவிடும், விலையும் குறைவு. ஆனால் பல்லுக்கிடையில் மெதுமெதுவென்று ஏதாவது கிடந்தால் அதை மென்றுகொண்டிருக்கத் தூண்டப்படும் இயல்பு தாடைக்கு உண்டு. 1987 இல் அமெரிக்காவில் 10 பேரிடம் இரண்டு ரகத்தையும் மாற்றி மாற்றிப் போட்டு, நித்திரையில் தாடைத் தசை வேலை செய்வதை அளந்து பார்த்தார்கள். கடினமான கவசத்தில் 8 பேருக்குத் தசைவேலை குறைந்தது. மெதுவானதில் ஒருவருக்கு மாத்திரமே குறைந்தது, 5 பேருக்குக் கூடியது. பத்துப் பேரை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாதுதான். என்றாலும் கடுமையாக இறுக்குபவருக்கு மெதுவானதை நிரந்தரமாகக் கொடுக்கப் பல் வைத்தியர்கள் தயங்குவதற்கு இப்படியான அனுபவங்களே காரணம். பலமாக நெருமுபவர் அதைச் சில மாதங்களிலேயே கடித்துத் துளைத்தும் விடுவார்.

கடினமானது அக்ரிலிக்கில், உங்கள் பல்லின் அச்சை எடுத்துச் செய்யப்படும். கடைவாய்ப்பக்கம் 2 மில்லிமீற்றர் அளவு தடிப்பு இருக்க வேண்டும். மேற்பரப்பு வழுவழுப்பாக, தட்டையாக இருக்கும். வாயை மூடினால் எதிர்த்தாடைப் பற்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அதில் தொடவேண்டும், தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் வேட்டைப்பல் மட்டும் உரசி, கடைவாய்ப்பற்கள் விலகவேண்டும். இந்தப் பொருத்தம்தான் அதன் உயிர். நிறத்தாள் ஒன்றைக் கடிக்கவைத்து, பதியும் புள்ளிகளைப் பார்த்து, அதிகமாகத் தொடும் இடத்தை வைத்தியர் சிறிது சிறிதாக அராவி எடுப்பார். அந்த வேலை நடக்காமல் கவசத்தைக் கையில் தந்து அனுப்பினால், எவ்வளவு பணம் கொடுத்திருந்தாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம் உண்டு. உள்ளே மெதுவாக, வெளியே கடினமாக இருக்கும். பல் கூசுபவர்களும், கடினமானதைப் போட்டுப் பார்த்துச் சகிக்க முடியாதவர்களும் அதை எடுக்கலாம்.

உங்களுக்கு எங்கள் தெரிவு: மேல்தாடைக்கு, எல்லாப் பல்லையும் மூடும் கடினமான கவசம். அண்ணத்தில் ஏதாவது பட்டாலே ஓங்காளிப்பு வருமென்றால் கீழ்த்தாடைக்குச் செய்விக்கலாம், காவலில் குறைவில்லை. முன்பல் நான்கையோ ஆறையோ மட்டும் மூடும் சிறிய கவசங்களை மாதக்கணக்கில் போட வேண்டாம். மூடாமல் விடப்பட்ட கடைவாய்ப்பற்கள் எதிரே தடையில்லாததால் மெல்ல மெல்ல எழும்பிவிடும். பிறகு வாயை மூடினால் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழுந்திருக்கும். அதைச் சரிப்படுத்துவது பெரிய வேலை. கடைசிக் கடைவாய்ப்பல்லை விட்டுக் கட்டையாக முடிந்த கவசத்திலும் இதே ஆபத்து உண்டு.

அச்சு எடுக்க முதல், அடைக்கவேண்டிய பல்லை அடைத்து, பிடுங்கவேண்டியதைப் பிடுங்கி முடித்துவிடுங்கள். கவசம் செய்தபிறகு ஒரு பல்லுக்கு உறை போட்டால் அந்தப் பல்லின் வடிவம் மாறிவிடும், கவசம் ஏறாது. கடித்துவிட்டு வாயை விடும் கணத்தில் ஒரு பல்லில் மட்டும் சுரீரென்று குத்தினால், அதில் வெடிப்பு இருக்கலாம். அதைச் சொல்லாமல் கவசம் போட்டால் நோவு அடங்கி, வெடிப்பு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

கனடாவில் இருக்கும் அக்கா பார்சலில் ஒரு மவுத் காட் அனுப்பியிருக்கிறா. சுடுதண்ணீரில் போட்டு வாயில் வைத்துக் கடிக்கும் ரகம். துண்டுப்பிரசுரம் ஆங்கிலத்தில் இருக்கிறது. எப்படிச் செய்வது? ஒருமுறை முயன்று பார்த்தேன், அது கழன்று விழுகிறது.
- வாசகி, ஒட்டுசுட்டான்

ஆடுகிற பல் இருந்தாலும், முரசில் இரத்தம் கசிந்தாலும், பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாலும், அண்மையில் பல்லுக்கு உறை போட்டிருந்தாலும், தாடை மூட்டு நொந்தாலும் அல்லது பூட்டிக்கொண்டாலும் இதை நீங்களே செய்ய வேண்டாம். அப்படி ஒன்றும் இல்லையென்றால், அளவெடுத்துச் செய்விக்கும் வரைக்கும் சில கிழமைக்கு இது உதவும்.

சுடாமலே முதலில் வாயில் வைத்துப் பாருங்கள். கடைசிப் பல்லைத் தாண்டி முரசில் இடித்தால் அந்த மிச்சத்தைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். மேலுதட்டை முரசோடு இணைக்கும் நடுத் தசைநாருக்கு இடம் விட்டு முன்பக்கம் ஒரு சிறிய வளைவு வெட்டவேண்டும். அதை விட்டால் இரண்டு நாளில் அந்த இடம் புண்ணாகும்.

ஆழமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்குங்கள். அடுப்பில் வைத்தபடியே போட்டால் கவசம் பாத்திரத்தின் அடியில் ஒட்டி உருகும். தண்ணீரில் எத்தனை விநாடி என்பது ஆளுக்காள் மாறாது, கம்பனிக்குக் கம்பனி மாறும். 20 விநாடி சொல்பவர்களும் உண்டு, ஒரு நிமிடத்துக்கு மேல் சொல்பவர்களும் உண்டு. பிரசுரத்தில் அந்த ஓர் எண்ணையாவது யாரையும் கேட்டுப் பார்த்துவிடுங்கள். ஓட்டைக் கரண்டியால் எடுத்துத் தண்ணீரை உதறி, பச்சைத் தண்ணீரில் ஒரு விநாடி தோய்த்தால் வாய் வேகாது.

கண்ணாடி முன் நின்று, கவசத்தின் நடுவை முன்பல்லின் நடுவுக்கு நேராக வைத்து, இரண்டு பெருவிரலாலும் மேலே தள்ளி உட்காரவையுங்கள். பிறகு வாயை மெதுவாக மூடுங்கள். உங்களுடையது கழன்று விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கும். பலர் ‘பொயில் அன்ட் பைட்’ (கொதிக்கவைத்துக் கடி) என்ற பெயரைப் பார்த்துப் பலங்கொண்டு கடித்துவிடுவார்கள். கடித்தால் அடிப்பக்கம் மெலிந்து பல் அடுத்த பக்கத்துக்கு வந்துவிடும், பக்கச்சுவர் பல்லில் படியாது. பிடிப்பைக் கொடுப்பது பக்கச்சுவர்தான். ஆகவே இலேசாக மூடியபடி காற்றையும் எச்சிலையும் உள்ளே உறிஞ்சுங்கள். வெளியே உதட்டுக்கு மேலால் விரலால் கடைசிப் பல்லிலிருந்து முன்னுக்கு அழுத்திக்கொண்டு வாருங்கள், உள்ளே நாக்கால் அண்ணப் பக்கத்தை அழுத்துங்கள். அரை நிமிடம் அப்படியே பிடித்திருந்து, எடுத்துப் பச்சைத் தண்ணீரில் ஒரு நிமிடம் போடுங்கள்.

இனிச் சோதனை. வாயைத் திறந்தபடி தலையைக் குனிந்தால் விழக்கூடாது. கடைவாய்ப்பக்கம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மெலிந்து ஒளி தெரியும் இடம் இருக்கக்கூடாது. மூடும்போது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தொடவேண்டும். ஒரு பக்கம் முந்தித் தொட்டால், இரவு முழுவதும் அந்தப் பக்கப் பல்லே சுமை தாங்கும். சரிவராவிட்டால் இன்னொரு தடவை சுடலாம். அதற்கு மேல் அந்தப் பிளாஸ்ரிக் பிடிப்பை இழந்துவிடும். நீங்கள் ஒருமுறை செய்துவிட்டீர்கள், எனவே இதுதான் கடைசித் தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஆறு வயது மகன் இரவில் பல்லை நெருமுகிறான். பூச்சி இருக்கிறது, பூச்சிமருந்து கொடு என்று மாமி சொல்கிறா. சின்னப் பிள்ளைகளுக்குக் கவசம் இருக்கிறதா?
- தாய், மல்லாவி

கவசம் வேண்டாம். பாற்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் வயது இது. இன்று பொருந்தும் கவசம் இரண்டு மாதத்தில் பொருந்தாது, முளைக்கும் பல்லையும் தடுக்கும். இந்த வயதில் நெருமும் பிள்ளைகளில் அநேகர் வளர வளரத் தாங்களாகவே விட்டுவிடுவார்கள்.

பூச்சிமருந்து கொடுக்கவேண்டிய காலம் வந்திருந்தால் கொடுங்கள், மாமியோடு சண்டை வேண்டாம். இரவில் மலவாயிலில் சொறிந்தால் கட்டாயம் கொடுக்கவேண்டும். ஆனால் நெருமுவதற்குப் பூச்சிதான் காரணம் என்பது உறுதிப்படவில்லை, மருந்து கொடுத்தும் நெருமினால் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டாம். அதைவிட முக்கியமாகப் பார்க்கவேண்டியது, பிள்ளை வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறானா என்பது. அப்படியென்றால் தொண்டைச் சதையோ மூக்கின் பின்புறச் சதையோ வீங்கியிருக்கலாம். வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். பல்லின் தேய்வைப் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்திலேயே காட்டலாம்.

பட்டினத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் அச்சு எடுத்துக் கவசம் செய்வித்தேன். பத்து நாள் கழித்து வந்தது. ஒரு பக்கத்தை அழுத்தினால் மறுபக்கம் எழும்புகிறது. பழகினால் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?
- வாசகர், செட்டிகுளம்

பழகாது. அப்படி ஆடும் கவசத்தைப் போட்டுப் படுத்தால் நீங்கள் பல்லுக்குக் கம்பி போட்டது மாதிரி அது பற்களை நகர்த்தத் தொடங்கும்.

இப்படி நடப்பதற்கு ஒரு வழமையான காரணம் உண்டு. அச்சு எடுக்கும் ‘அல்ஜினேற்’ என்ற பொருள், தூளைத் தண்ணீரில் குழைத்து வாயில் வைத்து எடுப்பது. அதன் பெரும்பகுதி தண்ணீர். வெளியே எடுத்ததும் காயத் தொடங்கிச் சுருங்கும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. கூடிய சீக்கிரத்தில், ஒரு மணித்தியாலத்தைக் கடக்க விடாமல், அதில் பிளாஸ்ரர் சாந்து வார்த்துப் பல்லின் உருவை எடுத்துவிட வேண்டும். அதுவரைக்கும் ஈரத்துணியில் சுற்றி மூடிய பையில் இருக்கவேண்டும். தண்ணீரில் ஊறப்போட்டால் மறுபக்கமாக ஊதும். ஆய்வுகூடம் வேறு நகரத்தில் இருந்து, அச்சையே பஸ்ஸில் கொடுத்தனுப்பினால் போய்ச் சேர்வது உங்கள் வாயின் அளவாக இராது. ‘அச்சை அனுப்புகிறீர்களா, சாந்து வார்ப்பை அனுப்புகிறீர்களா’ என்று கேளுங்கள். இது அவமரியாதையான கேள்வி இல்லை.

இலேசாக ஆடினால் உட்பக்கத்தில் முட்டும் இடத்தை அராவிச் சரிசெய்யலாம், சிலவேளை உள்ளே புது அக்ரிலிக் ஊற்றி மறுபடி பொருத்தலாம். முடியாவிட்டால் புதிதாக அச்செடுத்துச் செய்து தரும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வைத்தியர் பக்கத்தில் இருக்கும்போதே போட்டுப் பார்த்து, இரண்டு பக்கமும் மாறிமாறி அழுத்தி, பிறகுதான் மீதிப் பணத்தைக் கொடுப்பது நல்லது. ஒரு கிழமையில் ஒரு தவணை, ஒரு மாதத்தில் இன்னொன்று, அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று பார்வையிடல் வேண்டும்.

சரியான கவசத்திலும் முதல் கிழமை சில விடயங்கள் நடக்கும். எச்சில் அதிகமாக ஊறும். போட்டதும் ஐந்து, பத்து நிமிடம் பல் இறுகியது போல இருக்கும். காலையில் கழற்றியதும் பல் வேறு மாதிரிச் சந்திப்பது போலத் தோன்றி, கால் மணித்தியாலம், அரை மணித்தியாலத்தில் பழையபடி வந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும் அப்படியே இருந்தால் போடுவதை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

அரசாங்க வைத்தியசாலையில் முயலவில்லையா? வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவில் காட்டி, தேவையென்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ பேராதனைப் பல் வைத்தியசாலைக்கோ கடிதம் எடுக்கலாம். காத்திருக்கவேண்டி வரும், ஆனால் பணம் மிச்சம்.

அப்பாவுக்கு 58 வயது. நாற்பது வருடமாக வெற்றிலை போடுகிறார். தாடை இறுகிவிட்டது, இரண்டு விரல்கூட வாய்க்குள் போகவில்லை. காரச் சாப்பாடு எரிகிறது என்கிறார். இரவில் பல் கடிப்பதால் என்று நினைத்துக் கவசம் வாங்க யோசிக்கிறோம்.
- மகள், புதுக்குடியிருப்பு

கவசத்தை மறந்துவிட்டு இந்தக் கிழமையே அப்பாவை வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், மகள். வளர்ந்தவர்களுக்குக் கையின் நடுவிலுள்ள மூன்று விரலும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திவைத்து வாய்க்குள் போகவேண்டும். பல் இறுக்குபவருக்கு வாய் காலையில் இறுகி, பகல் ஏற ஏறத் தளரும். அப்பாவுக்கு நாளுக்கு நாள் இறுகிக்கொண்டு போகிறது, காரம் எரிகிறது. பாக்கினால் கன்னத்தின் உட்தோல் நார்நாராகத் தடித்து விறைக்கும் நோய்க்குரிய அடையாளம் இது. கன்னத்தின் உட்புறம் வெளிறி, விரலால் தடவினால் கயிறு மாதிரி நாரிழை தட்டுப்படும். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு மட்டுமே இதைச் செய்யும். இது புற்றுநோயாக மாறக்கூடியது. ஆகவே வாய், முக அறுவைச் சிகிச்சை நிபுணர் பார்க்கவேண்டும். பாக்கை இன்றோடு நிறுத்தவேண்டும், ‘குறைக்கிறேன்’ என்பது போதாது. விறைத்த நார் தானாகக் கரையாது, ஆனால் நிறுத்தினால் மேலும் கூடாமல் இருக்க வாய்ப்புண்டு. வெள்ளையோ சிவப்போ திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வெற்றிலை போடும் மற்றவர்கள் கவனிக்க: பாக்குக் கறை அக்ரிலிக்கில் ஏறினால் இலேசில் போகாது. இரவில் வாயில் வெற்றிலைத் துகள் ஒன்றும் இல்லாமல் பல் துலக்கியபிறகே கவசத்தைப் போடவேண்டும்.

கவசத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிகிறது, நாற்றமும் இருக்கிறது. பற்பசை போட்டுத் தேய்த்தும் போகவில்லை.
- வாசகி, வவுனியா

பற்பசையை நிறுத்துங்கள். அதிலுள்ள அரைக்கும் துகள் கவசத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும், நாற்றம் குடியிருப்பது அந்தக் கீறல்களில்தான். காலையில் கழற்றியவுடன் எச்சில் காய முதல் பச்சைத் தண்ணீரில் கழுவி, மெதுவான பிரஷ்ஷில் பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம் ஒரு துளி விட்டுத் தேய்த்து அலசுங்கள். இதற்கென்று ஒரு பிரஷ்ஷைத் தனியாக வையுங்கள்.

வெள்ளைப் படிவு உங்கள் எச்சிலிலும் கிணற்றுத் தண்ணீரிலும் உள்ள கல்சியம். வன்னியின் கிணறுகளும் குழாய்க்கிணறுகளும் பல இடத்தில் கடினநீர், கேத்திலின் அடியில் படிவதும் அதுதான். வெள்ளை வினாகிரி ஒரு பங்கும் தண்ணீர் ஒரு பங்கும் கலந்து, கிழமைக்கு ஒருமுறை 15 முதல் 20 நிமிடம் ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து நன்றாக அலசுங்கள். வினாகிரிக்குப் பதிலாகக் கட்டுப்பல் கழுவும் வில்லையைப் போடலாம். வெளுக்கும் திரவம் வேண்டாம், வாய் கொப்புளிக்கும் மருந்தில் ஊறவைக்கவும் வேண்டாம். கடைசி அலசலுக்குக் கொதித்தாறிய தண்ணீர் நல்லது, படிவு குறைவாக இருக்கும்.

ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். துணியால் ஒற்றி, காற்றில் ஒரு மணித்தியாலம் உலரவிட்டு, துளையுள்ள பெட்டியில் போடுங்கள். வன்னி வெயிலை மறக்கக்கூடாது. ஜன்னல் விளிம்பிலோ மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள்ளோ வைத்த மெதுவான கவசம் ஒரே மத்தியானத்தில் கோணிவிடும். சுடுதண்ணீரில் கழுவினாலும் அதே கதைதான். எறும்பு ஏறாத உயரமான இடத்தில், வீட்டு நாய் எட்டாத இடத்தில் வையுங்கள். எச்சில் மணத்துக்கு நாய் அதைக் கடித்துக் குதறுவது நடக்கிற காரியம்.

உங்கள் பற்களில் பழுப்புப் பட்டையோ பள்ளமோ இருக்கிறதா? வவுனியாப் பக்கம் நிலத்தடி நீரில் புளோரைட் கூடிய கிணறுகள் உண்டு. சிறுவயதில் அதைக் குடித்தவர்களின் மிளிரி (பல்லின் கெட்டியான வெளிப்படை) கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தால் நெருமும்போது சீக்கிரம் பொரிந்து போகும். அப்படியானவருக்கு கடினமான கவசத்தைத் தள்ளிப்போடாமல் செய்விக்க நாங்கள் சொல்வோம்.

கிளினிக்கில் மன அழுத்தத்துக்குக் குளிசை தருகிறார்கள். அதைத் தொடங்கிய பிறகுதான் தாடை இறுகத் தொடங்கியது. நிறுத்தலாமா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி, கிளிநொச்சி

நீங்களாக நிறுத்த வேண்டாம். புளுவொக்செற்றின், சேர்ட்ரலின் போன்ற குளிசைகள் சிலருக்கு நெருமுதலைக் கொண்டுவருவது தெரிந்த பக்கவிளைவு. நீங்கள் கவனித்தது கற்பனை இல்லை. ஆனால் திடீரென விட்டால் தலைச்சுற்று, நித்திரைக் குழப்பம், பதற்றம் வரும், நோயும் திரும்பலாம். எந்தத் திகதியில் குளிசை தொடங்கியது, தாடை எப்போது இறுகியது என்று ஒரு துண்டில் எழுதி அடுத்த தவணைக்குக் கொண்டுபோங்கள். அளவைக் குறைப்பது, வேறு குளிசைக்கு மாற்றுவது என்று வைத்தியரிடம் வழிகள் உண்டு. அதுவரை பல்லைக் கவசம் காக்கட்டும்.

போர் முடிந்து இத்தனை வருடமாகியும் இரவில் திடுக்கிட்டு எழும்புபவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். அப்படியானவர்களுக்கு நெருமுதலும் கூடவே வரும். அவர்கள் பல் வைத்தியரோடு நின்றுவிடாமல் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் போகவேண்டும். நேரில் போகத் தயங்கினால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

நான் வெட்டு மெசின் ஓட்டுகிறேன். ஒரு மாதமாகக் கவசம் போடுகிறேன், பல் தேயவில்லை, ஆனால் தாடை நோவு குறையவில்லை.
- வாசகர், துணுக்காய்

கவசம் தன் வேலையைச் செய்கிறது. மிச்ச வேலை பகலில் நடக்கிறது. மெசினின் அதிர்வில், வெயிலில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டும்போது உங்கள் பற்கள் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது. உதடு மூடி, பல் விலகி, நாக்கின் நுனி மேல்முன்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் தொட்டபடி இருக்கவேண்டும். ஸ்ரியரிங்கில் சிவப்பு ரேப் துண்டு ஒன்றை ஒட்டுங்கள், கண் அதில் படும் ஒவ்வொரு முறையும் பல்லை விலத்துங்கள். சின்ன வேலைதான், ஆனால் பலன் தரும்.

வரம்பு வேலை முடிந்து அந்தியில் குடிக்கும் பிளேன்ரீயை மத்தியானத்தோடு நிறுத்திப் பாருங்கள். தேயிலையின் கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணித்தியாலம் அளவு எடுக்கும். சாராயமும் சிகரெட்டும் நெருமுதலைக் கூட்டும். நோவு உள்ள கிழமைகளில் புழுக்கொடியல், முறுக்கு, நாரிறைச்சி வேண்டாம், பல்லால் பாக்கு உடைப்பதும் வேண்டாம். படுக்க முதல் இளஞ்சூட்டுத் துணியை இரண்டு கன்னத்திலும் 15 நிமிடம் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: மூட்டை தூக்கும்போதோ சைக்கிள் மிதிக்கும்போதோ வந்து, நின்றதும் போகும் தாடை நோவு இதயத்தினுடையதாக இருக்கலாம். நெஞ்சிறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் பல் வைத்தியரைத் தேட வேண்டாம், 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

எனக்குக் கீழே இரண்டு பக்கமும் கட்டுப்பல். இரவில் அதைக் கழற்றிவிட வேண்டும் என்கிறார்கள். கழற்றினால் மிச்சப் பற்கள் நொறுங்குகின்றன.
- வாசகர், நெடுங்கேணி

இரண்டும் சரியான பேச்சு. கட்டுப்பல்லைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டு, மேல்தாடைக்கு ஒரு கடினமான கவசம் போடுங்கள். கட்டுப்பல் இல்லாத நிலையில் கடிக்கவைத்தே அதை அராவவேண்டும். கட்டுப்பல்லோடு பொருத்திய கவசம் இரவில் முன்பற்களில் மட்டும் இடிக்கும். பல்லில்லாத இடத்துக்கு நேரே அக்ரிலிக்கைத் தடிப்பாக விடச் சொல்லுங்கள்.

இவர் பெரிதாகக் குறட்டை விடுவார், இடையிடையே மூச்சு நின்று திணறுவார். பல்லும் நெருமுகிறார். ஒரே கவசத்தில் இரண்டும் தீருமா?
- வாசகி, பரந்தன்

தீராது. பல்லைக் காக்கும் சாதாரண கவசம் மூச்சுத்தடை உள்ள சிலருக்கு அதைக் கூட்டியும் விடலாம். கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துவைக்கும் கருவி வேறு, அது நித்திரைப் பரிசோதனைக்குப் பிறகு கொடுப்பது. முதலில் பொது வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். பகலில் தூங்கி விழுகிறாரா, காலையில் தலையிடிக்கிறதா, இரத்த அழுத்தம் கூடவா என்று கேட்பார். அதுவரைக்கும் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள், இரவில் லொறி, பஸ் ஓட்டுபவரென்றால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

உதைபந்தாட்டத்துக்குத் தம்பி வாங்கிய மவுத் காட்டை நான் இரவில் போடலாமா?
- வாசகர், மல்லாவி

வேண்டாம். அது அடியைத் தாங்குவதற்காகத் தடிப்பாகவும் மெதுவாகவும் செய்தது. இரவு முழுவதும் வாயை விரித்து வைத்திருக்கும், உதடு மூடாது, தொண்டை காயும். தம்பியின் வாய்க்குப் பொருந்தியது உங்கள் பல்லில் உட்காரவும் மாட்டாது. அவர் அதை விளையாட்டுக்குத் தொடர்ந்து போடட்டும்.